பள்ளியில் பருவகால நோய்களையும் சுற்றுச்சூழல் நிலையையும் கண்காணித்தல்: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியின் சுகாதாரப் பொறுப்பைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. கல்வியாண்டின் தொடக்கத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவரிடமோ, அலுவலக ஊழியர் ஒருவரிடமோ, புதிதாகச் சேர்ந்த செவிலியரிடமோ ‘இதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அது ஒப்படைக்கப்படுகிறது. கூடவே ஒரு கோப்பும் ஒரு வெப்பமானியும் கைக்கு வரும். அந்தக் கோப்பில் எதை எழுத வேண்டும், எழுதியதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் சொல்வதில்லை. அதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் வேலையின் எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்ன நோய் என்று உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. பள்ளியின் வேலை அன்று. பள்ளி எண்ணுகிறது, வழக்கத்தோடு ஒப்பிடுகிறது, மாற்றம் தெரிந்தால் உரியவருக்குச் சொல்கிறது, தன் வளாகத்துக்குள் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்கிறது. இதற்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறது. வருகைப்பதிவேட்டில் கொஞ்சம், முதலுதவி அறையின் குறிப்பேட்டில் கொஞ்சம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுபவரின் நினைவில் கொஞ்சம் என்று அது சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை என்பதே பெரும்பாலான பள்ளிகளின் குறை.

முதல் படி: யார் எழுதுவது, யாரிடம் சொல்வது

பொறுப்பாளர் ஒருவர், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் எழுதுவதற்கு இன்னொருவர் என இரண்டு பெயர்கள் போதும். குழு அமைத்தால் பதிவு ஒழுங்காக நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஐந்து பேருக்குப் பொதுவான பதிவேடு பல நாள்கள் வெறுமையாகவே கிடக்கும். உங்கள் பகுதியின் பொதுச் சுகாதார அலுவலகத்தில் தொற்றுநோய் குறித்துப் பேச வேண்டியவரின் தொலைபேசி எண்ணையும், சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலையும் முதல் வாரத்திலேயே வாங்கிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பட்டியல் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் தட்டம்மை ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அது ஒரே ஒரு மாணவருக்கு வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

இதே வாரத்தில் மாணவர்களின் தடுப்பூசி விவரத்தையும் திரட்டிவிடுவது நல்லது. தட்டம்மை பரவும்போது, தடுப்பூசி போடாத பிள்ளை நோயாளியோடு இருக்க நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. பட்டியலைத் தேடுவதிலேயே அந்த மூன்று நாள்களும் கழிந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: வராமையைக் காரணத்தோடு எழுதுதல்

கண்காணிப்பின் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வருகைப்பதிவேடு யார் வரவில்லை என்பதைச் சொல்லும். ஏன் வரவில்லை என்பதைச் சொல்லாது. அந்த ‘ஏன்’ நோயின் பெயராக இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் ‘வைரஸ் காய்ச்சல்’ என்பார்கள், ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள், சில வீடுகளில் எல்லாவற்றுக்கும் ‘உடம்பு சரியில்லை’ என்பதே விடையாக இருக்கும். பெயர்களை அப்படியே எழுதி வைத்தால் பின்னால் எண்ண முடியாது. அறிகுறிகளை ஐந்தாறு வகைகளாகப் பிரித்துக்கொண்டால் எண்ணலாம்: காய்ச்சலோடு இருமல் அல்லது தொண்டைவலி; வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு; காய்ச்சலோடு தோலில் தடிப்போ கொப்புளமோ; கண் சிவந்து பீளை தள்ளுதல்; மூச்சிரைப்பு; இவை எதுவும் இல்லாத வெறும் காய்ச்சல். காயம், பல்வலி, குடும்ப நிகழ்ச்சி, பயணம் முதலியவை ‘மற்றவை’ என்ற ஒரே கட்டத்துக்குள் போகட்டும்.

எண்ணிக்கை நாளுக்கு நாள் ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டுமானால் வரையறையும் மாறாமல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஃபுளூ போன்ற நோய்க்கு வகுத்த வரையறை, அளந்து பார்த்த காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருப்பதும், இருமலும், பத்து நாள்களுக்குள் தொடங்கியிருப்பதும் ஆகும். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாளில் மூன்று முறைக்குக் குறையாமல் தளர்வாகவோ நீராகவோ போவது. பள்ளி இவற்றைத் தன் வசதிக்கேற்ப எளிமையாக்கிக்கொள்ளலாம். ஆனால் அக்டோபரில் ஒரு வரையறை, ஜனவரியில் வேறொரு வரையறை என்று மாற்றிக்கொண்டே போகக் கூடாது.

வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது ‘காய்ச்சலா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ‘ஆமாம்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ‘என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?’ என்று கேட்பதே பயன் தரும். ‘எப்போது தொடங்கியது’ என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். வராத நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளி இரவு வாந்தி தொடங்கிய பிள்ளையும் ஞாயிறு மாலை தொடங்கிய பிள்ளையும் பதிவேட்டில் திங்கள் அன்று ஒன்றாகவே வந்து நிற்பார்கள். தொடங்கிய நேரத்தை எழுதாவிட்டால், எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நோயைப் பெற்றதுபோலத் தோன்றும். தேடலும் தவறான திசையில் போகும்.

வருகைப்பதிவேட்டில் சேராத மூன்று செய்திகளையும் இதே தாளில் சேர்க்க வேண்டும். பகலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், முதலுதவி அறைக்கு வந்து வகுப்புக்குத் திரும்பியவர்கள், விடுப்பெடுத்த ஆசிரியர்களும் ஊழியர்களும். முதலுதவி அறையில் கூட்டம் கூடுவது பல சமயம் வருகை குறைவதற்கு முன்பே நடக்கிறது. வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றியில் உடனே வெப்பமானியை நீட்டினால் எண் தவறாகக் காட்டும்; நிழலில் கால் மணி நேரம் உட்காரவைத்த பிறகே அளக்க வேண்டும்.

இடையில் ஒரு கருத்து. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. நோயைக் கண்காணிப்பவர் அந்த வழக்கத்தை மெல்லக் கைவிடச் செய்ய முயல வேண்டும் என்பேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதற்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை. மாத்திரையால் தணிந்த காய்ச்சல் வெப்பமானிக்கும் தெரியாது, பதிவேட்டுக்கும் தெரியாது.

மூன்றாம் படி: வழக்கம் எது என்று அறிதல்

இன்று 35 பேர் வரவில்லை என்பது அதிகமா, இயல்பா? வழக்கத்தை அறியாதவர் இதற்கு விடை சொல்ல முடியாது. கடந்த இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருகைப்பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் வராதோர் விழுக்காட்டைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பழைய பதிவேட்டில் காரணம் இருக்காது, பரவாயில்லை. மொத்த விழுக்காடே பருவத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிவிடும். பழைய பதிவேடே கிடைக்காவிட்டால், நோய்ப் பரபரப்பு இல்லாத மூன்று நான்கு வாரங்களின் சராசரியைத் தற்காலிக அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பிடும்போது திங்களைத் திங்களோடும் வெள்ளியை வெள்ளியோடும் ஒப்பிட வேண்டும். வார விடுமுறைக்கு முன்னும் பின்னும் வராமை கூடுவதும், தேர்வு நாளில் நோயுற்ற பிள்ளைகள்கூட வந்துவிடுவதும் எங்கும் உண்டு. தேர்வு வாரத்தில் வருகை நன்றாக இருக்கிறது என்பதற்காக நோய் குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். 600 பேர் படிக்கும் பள்ளியில் புதன்கிழமைகளில் வழக்கமாக 20 முதல் 28 பேர் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு புதன் அன்று 31 பேர் வரவில்லை. தனியாகப் பார்த்தால் இது பெரிய மாற்றமில்லை, நாளையும் பார்க்கலாம். ஆனால் அந்த 31 பேரில் 9 பேர் ஒரே வகுப்பறையைச் சேர்ந்தவர்கள், அவர்களில் 7 பேருக்கு வாந்தி என்றால், மொத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த வகுப்பறைக்குப் போக வேண்டும். பள்ளி முழுமைக்கான விழுக்காடு மெதுவாகத்தான் நகரும். வகுப்புவாரி எண்ணிக்கையே முதலில் அசையும். அதே வேளை, 20 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை வராவிட்டாலும் அது 5 விழுக்காடு என்பதால், சிறிய வகுப்புகளில் விழுக்காட்டை நம்பாமல் ஆள்களையே எண்ணுங்கள். ஒரே அறிகுறியோடு ஒரே வகுப்பில் சில நாள்களுக்குள் இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்று வருவதே அங்கே எச்சரிக்கை.

நான்காம் படி: நோயின் கால அளவைத் தெரிந்து படித்தல்

கிருமி உடலுக்குள் புகுந்ததற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட நாள்களை நோயரும்பு காலம் என்பார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரசுக்கு அது 12 முதல் 48 மணி நேரம். ஃபுளூவுக்கு 1 முதல் 4 நாள். டெங்குவுக்கு, கொசு கடித்ததிலிருந்து 4 முதல் 10 நாள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள். இந்த நான்கு எண்களைப் பதிவேட்டின் அட்டையில் எழுதி வைத்தால் வரைபடத்தைப் படிப்பது எளிதாகும்.

வாந்தி தொடங்கிய நேரத்தைக் கிடைமட்டமாகவும் ஆள்களின் எண்ணிக்கையைச் செங்குத்தாகவும் கட்டமிட்ட தாளில் குறித்துப் பாருங்கள். பல வகுப்புகளைச் சேர்ந்தவர்கள் சில மணி நேரத்துக்குள் கூட்டமாக நோயுற்று, பிறகு எண்ணிக்கை சட்டென விழுந்தால், எல்லோரும் பொதுவாக உண்டது அல்லது குடித்தது எது என்று தேட வேண்டும். ஒரு வகுப்பில் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் பக்கத்து வகுப்புக்கும், பிறகு தம்பி தங்கைகளின் வகுப்புக்கும் படியேறிப் போனால், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்று கொள்ளலாம். முதல் வகைக்குக் குழாயையும் சமையலறையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் கைகழுவும் இடத்தையும் கழிவறைக் கதவின் கைப்பிடியையும் பார்க்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து நேர்வதும் உண்டு என்பதால் தாளை முதல் நாளோடு மூடிவிடக் கூடாது.

எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கேள்வி நாள்தோறும் வரும். காய்ச்சல் என்றால், காய்ச்சல் மருந்து எதுவும் எடுக்காமலேயே 24 மணி நேரம் உடல் சூடு இயல்பாக இருந்திருக்க வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்ற பிறகு 48 மணி நேரம் கழிய வேண்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குக் கட்டியிருக்க வேண்டும். தட்டம்மையில் தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள் தனித்திருக்க வேண்டும். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறை வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இந்தப் பட்டியலை நோய் வருவதற்கு முன்பே பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளையைத் திருப்பி அனுப்பும் நாளில் வாக்குவாதம் எழாது.

திருப்பி அனுப்புவதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணும் பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தன. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மருத்துவ ஆய்வாளர்கள் தொற்றுள்ள பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியேற்றிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று பார்க்க எவரும் இல்லை. 1902-இல் லினா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் அமர்த்தப்பட்டு, முறையான சிகிச்சை அளித்து, வீடுகளுக்கும் சென்று வந்த பிறகே, நோயைக் காட்டி வெளியேற்றப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டார்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘விசாரித்த நாள்’ என்றும் ‘திரும்பிய நாள்’ என்றும் இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பருவ நாட்காட்டி

ஆண்டுத் தொடக்கத்திலேயே, எந்த மாதத்தில் எதை எதிர்பார்ப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். மிதவெப்ப நாடுகளில் ஃபுளூவும் நோரோவைரசும் குளிர்காலத்தில் உச்சம் தொடும். வெப்ப மண்டலத்தில் ஃபுளூ மழைக்காலத்தோடு ஒட்டி வரும்; சில இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை எழும். மழைக்குப் பின் கொசுவால் பரவும் நோய்கள் வரும். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரங்களில் ஆஸ்துமா கூடுவது பல நாடுகளில் ஆண்டுதோறும் காணப்படும் நிகழ்வு. பிள்ளைகள் ஒன்றுகூடியதும் சளி வைரஸ்கள் பரவத் தொடங்குவதும், விடுமுறையில் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுவதும் அதற்குக் காரணங்கள். ஆகவே ஆஸ்துமா உள்ள மாணவர்களின் பட்டியலையும் அவர்களின் இன்ஹேலர் காலாவதித் தேதியையும் பள்ளி திறக்கும் வாரத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

ஆறாம் படி: காற்று

வகுப்பறைக் காற்றை அளக்க எளிய வழி கார்பன் டை ஆக்சைடு மானி. அந்த வாயு வகுப்பறையில் காணும் அளவில் நோய் தருவதில்லை. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கான அடையாளமாக அது பயன்படுகிறது. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும். நல்ல காற்றோட்டத்துக்கு 1000 பிபிஎம் என்ற எல்லையை ஜெர்மானிய சுகாதார அறிஞர் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே முன்வைத்தார். இன்றும் பலர் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். கோவிட் காலத்தில், 2021-இல், இங்கிலாந்து அரசு தன் பள்ளிகளுக்குச் சுமார் 3 லட்சம் மானிகளை வழங்க முடிவெடுத்தபோதுதான் இந்தக் கருவி பள்ளிகளில் பரவலாகப் பேசப்பட்டது.

மானியைச் சன்னலோரத்திலோ கதவருகிலோ ஆசிரியர் மேசை மீது அவர் மூச்சுப் படும்படியோ வைக்கக் கூடாது. உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில், ஆள்களிடமிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்துச் சென்று 420-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கணத்தின் எண்ணை விட, ஒரு பாடவேளையின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த இரண்டு எண்கள் பயனுள்ளவை. 40 நிமிடத்தில் 600-லிருந்து 1800-க்கு ஏறும் அறையில் காற்றுப் போக வழியில்லை என்பது தெளிவு. எல்லா அறைகளுக்கும் கருவி வாங்க இயலாவிட்டால், ஒரே கருவியை அறைக்கு ஒரு வாரமாகச் சுற்றிவரச் செய்யலாம். எந்த அறைகள் மோசம் என்பது ஒரு பருவத்துக்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவை எல்லோரும் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருக்கும் அறைகளாகத்தான் இருக்கும்.

வெளிக்காற்று கெட்டிருக்கும் நாளில் சிக்கல் தொடங்குகிறது. புகையும் தூசியும் நிறைந்த நாளில் சன்னலைத் திறந்தால் நுண்துகள் உள்ளே வரும். மூடினால் கிருமி உள்ளேயே சுழலும். இதற்கு எல்லா நாளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அதனால்தான் இரண்டையும் அளக்க வேண்டியிருக்கிறது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டி அளவு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நுண்துகளை அளக்கும் கருவி இந்த நிமிடம் காட்டும் எண்ணை அந்த நாள் சராசரியோடு நேரடியாக ஒப்பிடுவது பரவலாக நடக்கும் பிழை. விலை குறைந்த லேசர் கருவிகள் ஈரப்பதம் மிகுந்த காலையில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அரசு காற்றுத்தர நிலையம் அருகில் இருந்தால் அதன் எண்ணை அடிப்படையாகவும் உங்கள் கருவியை வேளைக்கு வேளை மாற்றத்தை அறியவும் பயன்படுத்தலாம். காற்றுத்தரக் குறியீட்டின் எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிறநாட்டு அட்டவணையை எடுத்து ஒட்டிவிட வேண்டாம்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான்: காற்று மிக மோசமாக உள்ள வேளையில் சன்னலை மூடி, ஹெப்பா எனப்படும் நுண்துகள் வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை இயக்கி, வெளி விளையாட்டை உள்ளே மாற்றி, வெளிக்காற்று தெளியும் வேளையில் எல்லாச் சன்னல்களையும் திறந்து பத்து நிமிடம் காற்று மாற விட வேண்டும். சுத்திகரிப்பான் துகளையும் கிருமித் துளிகளையும் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. ஆகவே சுத்திகரிப்பான் ஓடும் அறையில் மானி 1500 காட்டினால் சுத்திகரிப்பான் பயனற்றது என்று நிறுத்திவிடாதீர்கள்.

சுவரில் ஈரக்கசிவும் பூஞ்சையும் இருப்பதைக் கண்ணாலும் மூக்காலுமே அறியலாம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். வண்ணம் பூசி மறைப்பது கசிவை நிறுத்தாது.

ஏழாம் படி: வெப்பம்

வெப்பத்தை அலுவலக அறையில் அளந்து பயனில்லை. பிள்ளைகள் ஓடும் இடத்தில், அவர்கள் ஓடும் நேரத்தில் அளக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதும் போதாது. ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் தணியாது. இதைக் கணக்கில் கொள்வது டபிள்யூபிஜிடி என்ற கூட்டு அளவு. வெயிலில் அதைக் கணக்கிடும்போது ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) வெப்பநிலைக்கு 0.7 பங்கும், வெயிலின் சூட்டை வாங்கும் கறுப்புக் கோளத்தின் வெப்பநிலைக்கு 0.2 பங்கும், காற்றின் வெப்பநிலைக்கு 0.1 பங்கும் தரப்படுகின்றன. ஈரப்பதத்துக்கு எவ்வளவு முதன்மை என்பது இந்தப் பங்கீட்டிலேயே தெரியும். ஜப்பானில் இந்த அளவு 31 டிகிரியைத் தொட்டால் உடற்பயிற்சியைப் பொதுவாக நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டுதல். உங்கள் பகுதிக்கென அறிவிக்கப்பட்ட எல்லை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே கோடையின் முதல் வெப்ப அலையும், விடுமுறைக்குப் பின் விளையாட்டுப் பயிற்சியின் முதல் வாரமும் தனிக் கவனத்துக்குரியவை. மயக்கம், தலைவலி, குமட்டல் என்று முதலுதவி அறைக்கு வந்தவர்களை வெப்ப அளவு எழுதும் அதே தாளில் குறியுங்கள். குழப்பமாகப் பேசுவதோ நினைவு தடுமாறுவதோ இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. எழுதுவதை விட்டுவிட்டு, அவசர ஊர்தியை அழைத்து, தண்ணீரால் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

எட்டாம் படி: தண்ணீர், கழிவறை, தேங்கும் நீர்

குழாய்நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பிடித்த நீர் மாதிரியில் டிபிடி என்ற சோதனை மாத்திரையைப் போட்டு, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் சிறு பெட்டியே இதற்குப் போதும். சோதனையைத் தொட்டிக்கு மிக அருகில் உள்ள குழாயில் செய்வதே வழக்கம், ஏனெனில் அதுதான் வசதி; ஆனால் தொட்டிக்கு மிகத் தொலைவில் உள்ள குழாயில்தான் குளோரின் முதலில் தீரும். ஆய்வகச் சோதனையில் 100 மில்லிலிட்டர் நீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா சிறிதும் இருக்கக் கூடாது. பழைய கட்டடமாக இருந்தால் ஈயத்துக்கும் சோதியுங்கள்: இரவு முழுதும் குழாயில் தேங்கி நின்ற நீரைக் காலையில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீண்ட விடுமுறைக்குப் பின் எல்லாக் குழாய்களையும் திறந்து தேங்கிய நீரை ஓடவிட்ட பிறகே குடிக்க அனுமதிக்க வேண்டும்.

கழிவறைகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 25 மாணவிகளுக்கு ஒரு கழிவறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிவறையும் ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும். எண்ணிக்கையைக் காட்டிலும், பூட்டாமல் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் மாலை வேளையில் பார்ப்பதே உண்மை நிலையைச் சொல்லும். காலையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். நோரோவைரசுக்கு ஆல்கஹால் கை மருந்து சரியாக வேலை செய்யாது என்பதால் சோப்பும் தண்ணீரும் இல்லாத கழிவறையை நோய் பரவும் வாரத்தில் பொறுத்துக்கொள்ள முடியாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டினால் சுழற்சி முறியும். மாதம் ஒரு முறை என்றால் பயனில்லை. பூந்தொட்டித் தட்டு, கூரை வடிகால், மூடியில்லாத தொட்டி, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று ஒரே வழித்தடத்தில், ஒரே கிழமையில் நடந்து பார்த்து எழுதுங்கள். பெரிய மாணவர்கள் இந்த வேலையை ஆர்வத்தோடு செய்வார்கள்.

ஒன்பதாம் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் செயலை எழுதுதல்

இதுவரை சொன்ன அனைத்தும் வெவ்வேறு கோப்புகளில் கிடந்தால் எழுதிய உழைப்பு வீண். வாரத்துக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் ஒரு பெரிய தாள் போதும்: வகைவாரி நோய் எண்ணிக்கை, காற்று, வெப்பம், தண்ணீர், தேங்கிய நீர், குறிப்பு. காற்று கெட்ட வாரத்தில் மூச்சிரைப்பு கூடுகிறதா, குளோரின் குறைந்த வாரத்துக்கு அடுத்து வயிற்றுப்போக்கு எழுகிறதா என்பதெல்லாம் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தால்தான் கண்ணில் படும். இரண்டும் ஒரே வாரத்தில் நேர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லை எது, எல்லை மீறினால் யார் என்ன செய்வார் என்பதைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ‘ஒரே வகுப்பில் 48 மணி நேரத்துக்குள் மூவருக்கு வாந்தி: அன்றே குளோரின் கரைசலால் கழிவறையும் மேசைகளும் துடைக்கப்படும், பெற்றோருக்குச் செய்தி போகும், சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யப்படும்’ என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். செயல் எழுதப்படாத எண்ணை அளப்பதை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. பத்து அளவுகளை எழுதி ஒன்றுக்கும் அசையாத பள்ளியை விட, மூன்றை எழுதி மூன்றுக்கும் அசையும் பள்ளி மேல்.

பத்தாம் படி: தெரிவித்தல்

சுகாதார அலுவலகத்தை அழைக்கும் முன், எத்தனை பேர், எந்த வகுப்புகள், முதல் நோயாளிக்குத் தொடங்கிய நாள், முக்கிய அறிகுறிகள், மருத்துவமனையில் சேர்ந்தவர் உண்டா, பொதுவான உணவோ நிகழ்ச்சியோ உண்டா என்பவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒன்று தெரியாவிட்டாலும் அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளியை மூடுவதா என்ற முடிவை அவர்களோடு பேசி எடுப்பதே முறை. மூடிய பள்ளியின் பிள்ளைகள் வேறிடத்தில் கூடினால் பரவல் நிற்காது, எண்ணுவதும் நின்றுவிடும்.

பெற்றோருக்கான செய்தியில் நோயின் அறிகுறி, கவனிக்க வேண்டிய நாள்கள், எப்போது மருத்துவரைப் பார்ப்பது, பள்ளி என்ன செய்கிறது என்பவை இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. பெயரை மறைத்தாலும், 12 பேர் உள்ள வகுப்பின் பெயரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். அங்கே ‘தொடக்கப் பிரிவில்’ என்று பொதுவாகச் சொல்லலாம். பெயர் உள்ள பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சுவரில் ஒட்டும் தாளில் எண்கள் மட்டும் போதும்.

கடைசி நோயாளிக்குப் பிறகு, அந்த நோயின் மிக நீண்ட நோயரும்பு காலத்தைப் போல் இரண்டு மடங்கு நாள்கள் புதிய நோயாளி இல்லாமல் கழிந்தால் பரவல் முடிந்தது எனக் கொள்வது பொதுவான வழக்கம். நோரோவைரசுக்கு அது 4 நாள். சின்னம்மைக்கு 42 நாள். அந்தத் தேதியைப் பதிவேட்டில் எழுதி, எந்த நடவடிக்கை எந்த நாளில் தொடங்கியது என்பதையும் அதன் கீழே குறித்து, அடுத்த ஆண்டின் வழக்க அளவைக் கணக்கிடும்போது அந்த வாரங்களைச் சராசரியில் சேர்க்காமல் தனியே வையுங்கள்.